அயல்நாட்டுத் தெருவில் கூட்டம் கூடினால்...

தஞ்சைத் தரணியின் தெற்கே, காவிரியின் கடைமடை நீர் கடலைத் தொடும் கரையில் அமைந்த ஊர் அதிராம்பட்டினம். வடக்கே நெல் வயலும் தென்னந்தோப்பும், தெற்கே உப்பளமும் அலையாத்திக் காடும் சூழ்ந்த இவ்வூர் மக்களுக்குக் கடல் கடந்து பிழைக்கச் செல்வது புதிதன்று. சென்னையினின்று நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வந்த 'ரஜூலா' கப்பலைப் பற்றி நம் பாட்டனார் சொல்லக் கேட்டவர் பலர் இன்றும் உளர். பிழைப்பின் பொருட்டுப் பிறநாட்டில் வாழ்பவரைச் 'சபுராளி' என்று தனிப்பெயரிட்டே அழைப்பர் இவ்வூர் இசுலாமியச் சகோதரர். கத்தோலிக்கக் குடும்பங்களிலும் அத்தகையோர் குறைவாக இல்லை. திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் பறந்து செல்லும் பிள்ளைகளுக்காகக் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றும் தாய்மார் இல்லாத பங்கு, நம் மறைமாவட்டத்தில் அரிது.

புறப்படும் பிள்ளைக்கு நாம் பல புத்திமதிகள் சொல்கிறோம். "குடிக்காதே, ஞாயிறு பூசையை விடாதே, செபமாலையை மறவாதே, ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் தீரும்வரை சிக்கனமாய் இரு" என்கிறோம். இவை யாவும் நல்லனவே. ஆயினும் ஒன்றை மட்டும் நாம் சொல்வதில்லை. அயல்நாட்டுத் தெருவில் திடீரென ஒரு கூட்டம் கூடினால், முழக்கம் எழுந்தால், காவல்துறை வண்டிகள் வந்து நின்றால், நீ என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் அவனுக்குக் கற்றுத்தருவதில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஊர்வலமும் உண்ணாவிரதமும் சாலை மறியலும் நம் நாட்டில் அன்றாட நிகழ்ச்சிகள். குறுவைக்குத் தண்ணீர் வரவில்லையெனில் உழவர் சாலையில் அமர்வர். வட்டாட்சியர் வந்து பேசுவார். மாலையில் கல்யாண மண்டபத்திலிருந்து அனைவரும் விடுவிக்கப்பெற்று வீடு திரும்புவர். ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தோடு வளர்ந்த இளைஞன், அதே மனத்தோடு அயல்நாட்டுத் தெருவிலும் நின்றுவிடுகிறான். அங்கே வேடிக்கை பார்ப்பதற்கும் விலை உண்டு என்பதை அவன் அறியான். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

ஒரு ஞாயிறு இரவு கற்பித்த பாடம்

2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் 'லிட்டில் இந்தியா' எனப்படும் பகுதியில், வாரம் முழுதும் உழைத்த தமிழ்த் தொழிலாளரும் வங்கத் தொழிலாளரும் வழக்கம்போல் திரண்டிருந்தனர். கடைவீதியில் பொருள் வாங்கவும், ஊருக்குப் பணம் அனுப்பவும், ஒரே ஊர்க்காரரைக் கண்டு பேசவும் அவர்களுக்கு வாய்க்கும் ஒரே நாள் அது. ஒஃபிர் சாலையிலுள்ள லூர்து மாதா ஆலயத்தில் தமிழ்ப் பூசை காணச் செல்லும் நம் பிள்ளைகளுக்கும் அப்பகுதி நன்கு அறிமுகமானதே.

இரவு ஏறத்தாழ 9.20 மணிக்கு, ரேஸ்கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் கூடுமிடத்தில், தொழிலாளரை விடுதிகளுக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்து ஒன்றின் சக்கரத்தில் சிக்கி ஒருவர் மாண்டார். அவர் நம் அண்டை மாவட்டமாகிய புதுக்கோட்டையைச் சேர்ந்த 33 வயதுத் தொழிலாளி. உடன் வாழ்ந்தவரின் உடல் வண்டிக்கடியில் கிடப்பதைக் கண்ட மக்களின் உள்ளம் கொதித்ததில் வியப்பில்லை. ஆனால் மீட்புப் பணியாளர் பேருந்து ஓட்டுநரையும் நேரக்காப்பாளரையும் காப்பதிலேயே கருத்தாயிருக்கின்றனர் என்ற தவறான எண்ணம் கூட்டத்தில் பரவிற்று. கற்களும் புட்டிகளும் பறந்தன. ஏறத்தாழ 300 முதல் 400 பேர் கலவரத்தில் இறங்கினர். நள்ளிரவுக்கு முன் எல்லாம் அடங்கிவிட்டது. அதற்குள் காவல், தீயணைப்பு, மருத்துவ ஊர்திகள் 23 சேதமுற்றன. அவற்றுள் 5 எரிந்து போயின. பணியிலிருந்த அலுவலர் 54 பேர் காயமுற்றனர். 1969-க்குப் பின் சிங்கப்பூர் கண்டிராத கலவரம் அது.

பின்பு நடந்தவற்றையே நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 25 பேர்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 57 பேர் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவர் தவிர ஏனையோர் அனைவரும் இந்தியர். ஏறத்தாழ 200 பேர் எச்சரிக்கப்பட்டனர். கல்லெறிந்தவர் தண்டனை பெற்றது இயல்பு. ஆனால் இவ்வழக்கில் முதன்முதல் தண்டிக்கப்பெற்ற தொழிலாளிமீது இறுதியில் நிலைத்த குற்றச்சாட்டு எது? கலைந்து செல்லுமாறு ஆணை பிறந்த பின்னும் கலையாது கூட்டத்தில் நின்றார் என்பதே. அதற்கு அவர் பெற்றது 15 வாரச் சிறை. கையில் கல் எடுத்தவனுக்கு ஒரு சட்டம் உண்டு. போகச் சொன்ன பின்னும் போகாமல் நின்றவனுக்கும் ஒரு சட்டம் உண்டு. இவ்விரண்டாம் சட்டத்தையே நம் இளைஞர் அறிவதில்லை.

முன்னாள் நீதியரசர் ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2014-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. விபத்தைப் பற்றியும் மீட்புப் பணியைப் பற்றியும் கூட்டத்தினர் கொண்ட தவறான எண்ணம், தெருவிலேயே நீதி வழங்கிவிட வேண்டும் என்னும் மனப்போக்கு, மது — இம்மூன்றும் கலவரத்தை மூட்டி வளர்த்தன என அக்குழு கண்டது. வதந்தி, ஆத்திரம், குடி: இம்மூன்றும் கூடுமிடத்தில் நற்குணமுடையவனும் தன்னை இழப்பான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நாட்டுக்கு நாடு வேறுபடும் சட்டம்

கூட்டம் கூடும் உரிமை நம் அரசியலமைப்பு நமக்கு வழங்கியுள்ள உரிமை. அது நம் எல்லையோடு நின்றுவிடும். கடவுச்சீட்டோடு அது விமானம் ஏறுவதில்லை.

சிங்கப்பூரில் ஒரு கொள்கையையோ கோரிக்கையையோ முன்னிட்டு ஒருவர் தனியே நின்று பதாகை பிடிப்பதற்கும் காவல்துறையின் அனுமதி வேண்டும். 'பேச்சாளர் முனை' எனப்படும் ஹாங்லிம் பூங்கா இதற்கு விலக்காயினும், அங்கே நிகழும் ஆர்ப்பாட்டங்களில் அயல்நாட்டார் பங்குகொள்ளல் ஆகாது. மலேசியாவில் 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம், கூடும் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே வழங்குகிறது. குடிமகன் அல்லாதவர் பேரணியை நடத்தினாலும் அதில் கலந்துகொண்டாலும் 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

வளைகுடா நாடுகளில் சட்டம் இன்னும் கடுமையானது. 2024-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வங்காளதேசத்தில் மாணவர் போராட்டம் வெடித்தபோது, ஐக்கிய அரபு அமீரகத்தில் உழைத்துவந்த வங்காளதேசத்தவர் சிலர், தம் தாய்நாட்டு அரசை எதிர்த்து அங்குள்ள தெருக்களில் ஆர்ப்பாட்டம் செய்தனர். அவர்கள் அமீரக அரசை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை எனலாம். ஆயினும் சில நாள்களுக்குள்ளாகவே 57 பேருக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டது: மூவருக்கு வாழ்நாள் சிறை, 53 பேருக்குப் பத்தாண்டுச் சிறை, ஒருவருக்குப் பதினோராண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டு அதிபர் மன்னிப்பு வழங்கியதால் அவர்கள் விடுதலை பெற்று ஊர் திரும்பினர். எல்லாருக்கும் அத்தகைய மன்னிப்பு வாய்க்கும் என எண்ணலாமோ? குவைத்திலும் 2022 சூன் மாதம், ஃபஹாஹீல் பகுதியில் தொழுகைக்குப் பின் கூடி முழக்கமிட்ட அயல்நாட்டாரைக் கைது செய்து நாடு கடத்தப்போவதாக அரசு அறிவித்தது. நம் ஊரைப் பற்றிய கோபமாயினும், நம் சமயத்தைப் பற்றிய கோபமாயினும், அதை அந்நாட்டுத் தெருவில் கொட்டலாகாது என்பதே இவற்றின் பொருள்.

கைப்பேசியும் ஒரு தெருவே என்பதை நினைவிற் கொள்க. அமீரகத்தில் 2021-ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி, பொய்ச் செய்தியோ வதந்தியோ பரப்பினால் ஓராண்டுக்குக் குறையாத சிறையும் ஒரு இலட்சம் திர்காமுக்குக் குறையாத அபராதமும் உண்டு. யாரோ எடுத்தனுப்பிய காட்சியைப் பிறருக்குத் தள்ளிவிடுவது ஒரு விரலின் வேலை. அதன் விளைவோ ஒரு குடும்பத்தின் வாழ்வு.

மேலைநாடுகளில் இத்தகைய கடுமை இல்லை என்பது உண்மையே. எனினும் விசாவில் தங்கியிருப்பவரின் நிலை குடிமகனின் நிலையன்று. 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, பாலஸ்தீனம் குறித்த பல்கலைக்கழகப் போராட்டங்களை முன்னிட்டு அயல்நாட்டு மாணவர் பலரின் விசாக்களை இரத்துச் செய்தது. அது சரியா தவறா என நீதிமன்றங்களில் வழக்காடினர். ஆயினும் வழக்கு முடியும்வரை படிப்பு காத்திருக்குமா, பெற்றோர் பட்ட கடன்தான் காத்திருக்குமா? பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பும் பெற்றோர் இதனையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எபேசு நகரில் நடந்தது

அயல்நாட்டில் கூட்டத்தில் அகப்படுவது திருச்சபைக்குப் புதிதன்று. அப்போஸ்தலர் பணி 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். எபேசு மாநகரில், அர்த்தமி தேவதையின் கோவிலை வைத்துப் பிழைத்த தட்டாரை, தெமேத்திரியு என்பவன் தூண்டிவிடுகிறான். நகரெங்கும் குழப்பம். ஆத்திரங்கொண்ட கூட்டம், புனித சின்னப்பரோடு வந்த வழித்துணைவரான காயு, அரிஸ்தர்க்கு என்னும் இருவரைப் பிடித்து அரங்கத்துக்குள் இழுத்துச் செல்கிறது. அவ்விருவரும் மாசிதோனியர், அவ்வூரார் அல்லர். கலகம் எழுந்தால் கூட்டத்தின் கண்ணில் முதலில் படுபவன் வேற்றூரான் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. கூடியிருந்தோரில் மிகப் பலருக்குக் கூட்டம் கூடிய காரணமே தெரியாது என்றும் புனித லூக்காஸ் எழுதி வைக்கிறார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அவர்கள் கத்தினர்.

புனித சின்னப்பர் கோழையல்லர். அவர் கூட்டத்தினுள் சென்று பேச விரும்பினார். சீடரோ அவரைப் போகவிடவில்லை. அவருக்கு நண்பரான அதிகாரிகள் சிலரும் அரங்கத்தினுள் செல்ல வேண்டாம் என ஆளனுப்பி வேண்டினர். அவரும் இணங்கினார். கல்லெறியுண்டும் கசையடியுண்டும் அஞ்சாத அப்போஸ்தலர், அன்று கூட்டத்தினின்று விலகியிருந்தது அச்சத்தால் அன்று. அறிவுரைக்குச் செவிசாய்த்த விவேகத்தால். இறுதியில் நகர எழுத்தர் முன்வந்து, குறை இருப்பின் நீதிமன்றம் உண்டு, வழக்குத் தொடரலாம் எனச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் அவர் வாயினின்று நமக்கு வேண்டிய நல்லறிவு பிறந்தது.

விவேகம் நான்கு தலையான புண்ணியங்களுள் முதலாவதாக எண்ணப்படுவது. வீரத்தை அது விலக்குவதில்லை. வீரத்திற்கு வழி காட்டுகிறது.

அநீதியைக் கண்டு வாளாவிருப்பதா?

இங்கே ஒரு கேள்வி எழும். "சுவாமி, எனக்கு ஐந்து மாதமாகச் சம்பளம் தரவில்லை. கேம்பில் குடிநீர் இல்லை. என்னுடன் வேலை செய்பவர் எல்லாரும் நாளை வேலைக்குப் போகாமல் சாலையில் உட்காரப் போகிறார்கள். நான் மட்டும் அறைக்குள் ஒளிவதா? அது துரோகமாகாதா?" இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

தொழிலாளியின் கூலியைப் பிடித்து வைப்பது விண்ணை நோக்கி முறையிடும் பாவம் என்பது நம் ஞானோபதேசம். 1891-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' மடல் எழுதிய நாள் முதல், தொழிலாளர் ஒன்றுகூடும் உரிமையைத் திருச்சபை ஏற்றுப் போதித்து வருகிறது. வேறு வழியற்றபோது வேலைநிறுத்தமும் முறையான கருவியே என இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறிற்று. 1981-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் தொழிலைப் பற்றி எழுதிய மடலும் அதனையே உறுதி செய்தது. அதற்குரிய வரம்புகளையும் சுட்டிற்று. ஆகவே நீதி கேட்பது பாவமன்று, கடமையுங்கூட. நாம் எண்ண வேண்டியது, அந்த நீதியை எவ்வழியில் கேட்டால் அது கைகூடும், எவ்வழியில் கேட்டால் கேட்டவனே அழிவான் என்பதை.

வேலைநிறுத்தம் குற்றமாகக் கருதப்படும் நாட்டில் சாலையில் உட்கார்ந்தவருக்கு, வரவேண்டிய ஐந்து மாதச் சம்பளத்தோடு ஆறாவது மாத வேலையும் போய்விடும். வழக்குத் தொடரும் முன்பே அவர் விமானத்தில் ஏற்றப்படுவார். முதலாளிக்கு அதைவிட வசதியான முடிவு வேறில்லை. ஆகையால் நண்பரைக் கைவிடாதீர். அவர்களோடு சேர்ந்தே வேறு வழியைத் தேடுங்கள். சம்பள ரசீது, ஒப்பந்த நகல், வேலை செய்த நாள்களின் கணக்கு ஆகியவற்றை எல்லாரும் திரட்டி வையுங்கள். அந்நாட்டுத் தொழிலாளர் துறையில் முறையீடு பதியுங்கள். அமீரகத்தில் 2009 முதல் சம்பளம் வங்கி வழியே செல்ல வேண்டும் என்னும் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. சம்பளம் வராவிடில் அது அரசின் கணக்கிலேயே தெரியும். இந்தியத் தூதரகங்கள் பலவற்றில் தொழிலாளர் குறை கேட்கும் நாள் என்று ஒன்று உண்டு. 2015-இல் இந்திய அரசு தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் ஊரிலுள்ள தாயோ மனைவியோகூட முறையீட்டைப் பதிய முடியும். நாதியற்ற இந்தியருக்கு உணவும் தங்குமிடமும் சட்ட உதவியும் பயணச்சீட்டும் அளிப்பதற்கெனத் தூதரகங்களில் 2009 முதல் சமூக நல நிதி ஒன்றும் உள்ளது. இவ்வழிகள் மெதுவானவை, சில வேளை மனம் சலிக்கச் செய்பவை. எனினும் ஊர் திரும்பும்போது சம்பளத்தோடு திரும்ப வாய்ப்பளிப்பவை இவையே.

புறப்படும் முன்

பட்டுக்கோட்டையில் பெட்டி வாங்கும் நாளிலேயே சிலவற்றைச் செய்து முடிக்க வேண்டும். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். மற்றொன்றை மூலத்தோடு சேர்க்காமல் தனியே எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசி தொலையலாம், மின்னிறக்கம் ஆகலாம், இணையமே நிறுத்தப்படலாம். 2024 சூலையில் வங்காளதேசத்தில் நாடு முழுவதும் இணையம் துண்டிக்கப்பட்டபோது, அங்கே மருத்துவம் படித்த இந்திய மாணவர் பலரால் வீட்டாருடன் பேச முடியவில்லை. ஆகவே தூதரகத்தின் எண், வீட்டு எண், நம்பகமான நண்பர் ஒருவரின் எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்தல் நலம்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் ஒப்புதல் பெற்றே செல்ல வேண்டும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இதனை வற்புறுத்துகிறது. சுற்றுலா விசாவில் ஏஜெண்டு அனுப்பி வைக்கிறான் என்று போய்விட்டவருக்கு ஒரு கலவரம் வந்தால், ஓடி ஒளிய இடமிராது. தூதரகத்தின் கணக்கிலும் அவர் இரார். சேர்ந்த சில நாள்களுக்குள் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்வதும் இன்றியமையாதது. 2011-இல் லிபியாவில் கிளர்ச்சி மூண்டபோது 15,000-க்கும் மேற்பட்ட இந்தியரையும், 2015-இல் ஏமன் போரின்போது 4,600-க்கும் மேற்பட்ட இந்தியரையும் நம் அரசு கப்பலிலும் விமானத்திலும் மீட்டு வந்தது. அத்தகைய வேளையில் யார் எங்கிருக்கிறார் என்று தெரிந்தாலன்றோ அழைத்து வர இயலும்?

கூட்டத்தின் நடுவே அகப்பட்டால்

எவ்வளவு எச்சரிக்கையாயிருப்பினும், வேலை முடிந்து வரும் வழியில் கூட்டம் குறுக்கிடக் கூடும். அப்போது நினைவிற்கு வர வேண்டியவை சில.

முதலாவது, நிற்காதீர், படம் எடுக்காதீர். கையிலுள்ள கைப்பேசி உயர்ந்தால், ஆர்ப்பாட்டக்காரர் உம்மை ஒற்றன் என எண்ணலாம். காவலர் உம்மைக் கூட்டத்தில் ஒருவன் என எண்ணலாம். எவர் தரும் கொடியையும் துண்டறிக்கையையும் வாங்காதீர்.

இரண்டாவது, ஓடாதீர். ஓடுபவனைக் கண்டால் கூட்டமும் ஓடும், காவலரும் துரத்துவர். ஆற்று வெள்ளத்தில் அகப்பட்டவன் எதிர்நீச்சல் போட்டால் களைத்து மூழ்குவான். நீரோட்டத்தோடு சாய்வாக நீந்தினால் கரை சேர்வான் என்பது காவிரிக் கரையில் பிறந்த நமக்குத் தெரியாததன்று. கூட்டமும் வெள்ளமே. அது செல்லும் திசையிலேயே நடந்து, சிறிது சிறிதாக ஓரம் ஒதுங்கி, முதலில் காணும் பக்கத் தெருவில் திரும்பிவிடுங்கள். முட்டுச் சந்தையும் கண்ணாடிக் கடைமுகப்பையும் இரும்புத் தடுப்பையும் தவிர்த்திடுங்கள்.

மூன்றாவது, நெரிசல் மிகுந்தால் கைகளிரண்டையும் மடக்கி மார்பின் முன் வைத்து, மூச்சுக்கு இடம் செய்துகொள்ளுங்கள். கீழே விழுந்த செருப்புக்காகவும் பைக்காகவும் குனியாதீர். தவறி விழுந்தால் உடனே எழ முயலுங்கள். இயலாவிடில் பக்கவாட்டில் சுருண்டு, தலையைக் கைகளால் மறைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை நடக்க விடாது தூக்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டால் கலங்காதீர். அது காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் தங்கும். காற்று வீசும் திசைக்கு எதிர்முகமாக, மேடான திறந்த இடத்துக்குச் செல்லுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள். எவ்வளவு எரிந்தாலும் கண்ணைத் தேய்த்தல் கூடாது. தூய நீரால் நெடுநேரம் கழுவுங்கள். அறை சேர்ந்ததும் உடுத்திய துணியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுக் குளியுங்கள். துப்பாக்கி ஓசை கேட்டால் தரையோடு படுத்து, கனத்த சுவரின் மறைவை நாடுங்கள்.

ஐந்தாவது, காவலர் தடுத்தால் கைகள் தெரியும்படி நின்று, கேட்டதற்கு மட்டும் பணிவாகப் பதில் கூறுங்கள். வாதாடாதீர். அடையாள அட்டையை, அதாவது இக்காமாவையோ வேலை பெர்மிட்டையோ, எந்நேரமும் உடன் வைத்திருங்கள். கைது செய்யப்பட்டால் ஓர் உரிமையை மறவாதீர். 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவுப்படி, கைதான அயல்நாட்டான் விரும்பினால் அவனுடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றிச் செய்தி அனுப்பப்பட வேண்டும். "இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்" என்னும் சொற்றொடரை அந்நாட்டு மொழியிலேயே மனப்பாடம் செய்து வையுங்கள். புரியாத தாளில் கையொப்பமிடாதீர், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எருசலேமில் கூட்டத்தின் கையினின்று பிடித்துச் செல்லப்பட்ட புனித சின்னப்பர், கசையடி விழுமுன் தாம் உரோமைக் குடிமகன் என்று அறிவித்துக் காப்புப் பெற்றார் அன்றோ? தமக்குள்ள உரிமையைக் கேட்பதில் அவர் நாணவில்லை. நீங்களும் நாண வேண்டாம். ஆனால் தூதரகம் செய்யக் கூடியதற்கும் எல்லை உண்டு. அது உம்மை வந்து காணலாம், வழக்கறிஞரைக் காட்டலாம், வீட்டாருக்குத் தெரிவிக்கலாம். அந்நாட்டுச் சிறைக் கதவைத் திறக்க அதனால் ஆகாது.

யாத்திரையாகவோ சுற்றுலாவாகவோ செல்பவருக்கும் ஒரு சொல். 2025 செப்டம்பர் 8-ஆம் நாள் நேபாளத்தில் இளைஞர் நடத்திய ஆர்ப்பாட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 19 பேர் மாண்டனர். மறுநாள் பிரதமர் பதவி விலகினார். பெரிய தங்கும் விடுதிகளும் எரிந்தன. காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்டது. முந்திய வாரம் அமைதியாயிருந்த நாடு அது. அத்தகைய வேளையில் விமான நிறுவனம் உறுதி கூறாமல் விடுதியை விட்டுக் கிளம்பாதீர். சன்னலருகே நிற்காதீர், விடுதியின் பின்வாசல் எங்குள்ளதென முதல் நாளே பார்த்து வையுங்கள். இரண்டு நாளுக்கு வேண்டிய நீரும் உணவும் மருந்தும் சிறிது ரொக்கமும் கைவசமிருக்கட்டும். விடுதியையே கூட்டம் சூழுமாயின், உடைமைகளை விட்டுவிட்டு உயிரோடு வெளியேறுங்கள்.

வீட்டிலிருப்போர் கடமை

அயல்நாட்டில் கலவரம் என்று தொலைக்காட்சி சொன்னவுடன் நம் வீடுகளில் அழுகை தொடங்கிவிடுகிறது. பிள்ளையின் கைப்பேசிக்கு மூச்சுவிடாமல் அழைக்கிறோம். அவனோ அவ்வேளையில் அவசரச் செய்திக்காக அதன் மின்கலத்தைக் காத்துக்கொண்டிருப்பான். ஆகவே, "தொல்லை நேர்ந்தால் நாள்தோறும் இன்ன நேரத்தில் ஒரு சொல் செய்தி அனுப்பு" என்று முன்னரே பேசி வையுங்கள். அச்செய்தி வந்தால் கடவுளுக்கு நன்றி கூறி அமைதியாயிருங்கள். வராவிடில் தூதரகத்தையும், நம் மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் அணுகுங்கள். கடவுச்சீட்டின் நகல் உங்கள் கையிலிருந்தால் பாதி வேலை முடிந்ததாகும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். "உன் ஊர்க்காரன் அடிபட்டுக் கிடக்கிறான், நீ என்ன செய்கிறாய்?" என்று இங்கிருந்து பிள்ளையை ஏசித் தூண்டாதீர். அவன் தோளில் இருப்பது அவன் தலை மட்டுமன்று. தங்கையின் திருமணம், தந்தையின் மருந்து, கஜா புயலில் சாய்ந்த தென்னைக்கு ஈடாக வாங்கிய கடன், இவையெல்லாம் அத்தோளின் மீதே இருக்கின்றன. அடிபட்டவனுக்கு உதவுவது கிறிஸ்தவக் கடமையே. நல்ல சமாரியன் காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவையும் ஏற்றான். கள்வரைத் தேடிக் கல்லெடுத்துக்கொண்டு அவன் காட்டுக்குள் ஓடவில்லை. அந்த 2013-ஆம் ஆண்டு இரவிலும், சினங்கொண்ட கூட்டத்தினின்று அலுவலரைக் காக்க முயன்ற தொழிலாளர் சிலர் இருந்தனர். அவர்களும் நம்மைப்போல் ஏழைகளே, அந்நியரே. வீரம் எங்கிருந்தது என்று நாமே தீர்ப்பிட்டுக்கொள்ளலாம்.

திருக்குடும்பமும் ஒரு காலம் அயல்நாட்டில் வாழ்ந்த குடும்பமே. ஏரோதின் வாளுக்குத் தப்பி, இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குச் சென்ற புனித சூசையப்பர், ஆபத்தை எதிர்த்து நிற்கவில்லை. எச்சரிக்கை பெற்றவுடன் எழுந்து புறப்பட்டார். அவருடைய அந்தக் கீழ்ப்படிதலால் உலக மீட்பர் உயிரோடு காக்கப்பெற்றார். கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்கு அவரைவிடச் சிறந்த பாதுகாவலர் யார்? அவர்களுக்காக நாள்தோறும் இல்லச் செபத்தில் அவரிடமும், கடலோரத்தில் கோவில் கொண்ட வேளாங்கண்ணி அன்னையிடமும் வேண்டிக்கொள்வோம். அத்தோடு, இவ்வாரம் பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது, "அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா? தூதரகத்தின் எண்ணைத் தாளில் எழுதி வைத்தாயா? கூட்டம் கண்டால் விலகி நட" என்றும் ஒருமுறை சொல்லி வைப்போம்.